லோத்தின் மனைவியைக் கூப்பிட்டவர்கள்

ஆராதனை முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த நேசபாயின் தோளைப் பாஸ்டரம்மா தொட்டாள். "புதன்கிழமை பெண்கள் கூட்டத்துல லோத்தோட மனைவியைப் பத்திப் பேசப்போறேன். கடைசியில நீங்க எழும்பி சாட்சி சொல்லணும்."

எதற்கு என்று நேசபாய் கேட்கவில்லை. தாராவியில் அந்தச் சபைக்கு வருகிற எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் பக்கத்துச் சந்தில் பெயின்ட் தின்னர் டப்பாக்கள் வெடித்துத் தீப்பிடித்தபோது, புருஷனில்லாத ஒரு பெண் தன் இரண்டு பிள்ளைகளை இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, சட்டி பானை என்று ஒன்றையும் நினைக்காமல், திரும்பிப் பாராமல் மெயின் ரோட்டுக்கு ஓடி வந்துவிட்டாள். அன்று அந்தச் சந்தில் நாலு பேர் செத்துப்போனார்கள்.

"நீங்க அவளுக்கு நேர் எதிரு" என்று பாஸ்டரம்மா சிரித்தாள். "அவ திரும்பிப் பார்த்தா, உப்பாப் போனா. நீங்க பார்க்கல, பொழச்சீங்க."

தீக்குப் பிறகு குடிபோன தேவ்நாரிலிருந்து தினமும் செம்பூருக்குப் போய், ஒரு துணிக் கிடங்கில் சுடிதார்களுக்கு விலைச்சீட்டு மாட்டுகிற வேலை நேசபாய்க்கு. கை பாட்டுக்கு வேலை செய்யும். மனதுக்கு அங்கே வேலையில்லை. திங்களும் செவ்வாயும் அவள் லோத்தின் மனைவியையே நினைத்துக்கொண்டிருந்தாள். வேதத்தில் அவளுக்குப் பேர்கூடப் போடவில்லை. வானத்திலிருந்து அக்கினி விழுகிற சோதோமை விட்டுப் புருஷனோடும் இரண்டு மகள்களோடும் வெளியேறியவள். அந்த ஊரில் எத்தனை வருஷம் குடியிருந்திருப்பாள்? பக்கத்து வீட்டில் ஒருத்தி இருந்திருப்பாள்தானே? குழம்புக்குப் புளி கேட்டு வந்தவள், பிரசவத்துக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தவள். வீட்டின் மேலும் நகைநட்டின் மேலும் உள்ள ஆசையினால் அவள் திரும்பினாள் என்கிறாள் பாஸ்டரம்மா. நேசபாய்க்கு அப்படித் தோன்றவில்லை. யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் கழுத்து தானாகத் திரும்பிவிடும். திரும்பாமல் வைத்துக்கொள்வதற்குத்தான் பலம் வேண்டும். அந்தப் பலம் எவ்வளவு வேண்டுமென்று அவளுக்குத் தெரியும்.

தீப்பிடித்த அன்று அடுத்த வீட்டு மெஹராஜுக்குக் காய்ச்சல். மத்தியானம் நேசபாய் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாள். ஏணிப்படிக்கு மேலே, பரண் போன்ற மாடி அறையில் போர்த்திக்கொண்டு படுத்திருந்த மெஹராஜ், "கொண்டியை வெளியே மாட்டிட்டுப் போயிருங்கக்கா. சைனப் ஸ்கூல் விட்டு வந்தா தொறந்துக்கிடுவா. எனக்கு எறங்கி வந்து தொறக்கச் சத்தில்ல" என்றாள். நேசபாய் மாட்டிவிட்டு வந்தாள். அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. முதல் வெடிச் சத்தம் கேட்டது. சந்து முழுக்கக் கறுப்புப் புகை. "பாகோ, பாகோ" என்று இந்தியில் கத்திக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். நேசபாய் பிள்ளைகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். மெஹராஜின் கதவைத் தாண்டிப் பத்தடி போன பிறகு பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

அலறல் இல்லை. குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்வதற்குக் கூப்பிடுவாளே, அதே குரல். நேசக்கா. கொஞ்சம் விட்டு, ஏ நேசக்கா, கொண்டி. பத்தடிதான். ஆனால் திரும்பினால் ஒரு கையை விட வேண்டும். எந்தக் கையை? சின்னவள் ஏற்கெனவே இருமிக்கொண்டிருந்தாள். நேசபாய் கழுத்தை இறுக்கிக்கொண்டு ஓடினாள். பிள்ளைகளின் மணிக்கட்டுகளில் அவளுடைய விரல் தடம் நாலைந்து நாள் கன்றிப்போய்க் கிடந்தது.

காய்ச்சலில் அசந்து தூங்கியவள் புகையிலேயே போய்விட்டாள் என்று எல்லோரும் முடிவு செய்துகொண்டார்கள். கதவே எரிந்துபோன இடத்தில் கொண்டியைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்? மெஹராஜின் புருஷன் ஷேக் பரீத் மகளைக் கூட்டிக்கொண்டு சீத்தா கேம்புக்குப் போய்விட்டார். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் சைனப் தேவ்நாருக்கு நோன்புக் கஞ்சி கொண்டுவருவாள். தூக்குச்சட்டியைக் கழுவிக் கொடுக்கும்வரை நின்றுவிட்டு, போகும்போது கேட்பாள். "உம்மா கடைசியா ஒங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா பெரிம்மா?"

"தூங்கிட்டே போயிட்டாட்டி. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது அவளுக்கு." ஏழு ரம்ஜானுக்கும் இதே பதில்.

புதன்கிழமை கூட்டத்துக்கு முப்பது பெண்கள் வந்திருந்தார்கள். பாஸ்டரம்மா நன்றாகப் பேசினாள். உப்புத்தூணாக நின்றவளைப் பற்றிச் சொன்னபோது இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு நேசபாய் எழுந்தாள். வழக்கமான ஸ்தோத்திரத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

"நான் திரும்பிப் பார்க்கல, சரிதான். ஆனா காதுல விழுந்துச்சு. என்னைக் கூப்பிட்டாங்க."

"யாரு கூப்பிட்டா?" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.

"பக்கத்து வீட்டு மெஹராஜ். அவ தூங்கல. உசிரோட இருந்தா. என்னைத்தான் கூப்பிட்டா. நான் என்ன செஞ்சேன்னா..."

பாஸ்டரம்மா சட்டென்று எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பார்த்தீங்களா பிள்ளைங்களா? பிசாசு நமக்குத் தெரிஞ்ச குரல்லயே கூப்பிடுவான். சகோதரி ஏமாறல."

"பிசாசு இல்லம்மா. அது அவ குரலுதான்" என்றாள் நேசபாய். அதற்குள் யாரோ பாட்டை எடுத்துவிட்டார்கள். முப்பது பேரும் கை தட்டிப் பாடினார்கள். நேசபாய் பையை எடுத்துக்கொண்டு, வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

செம்பூரில் இறங்கி ஷேர் ஆட்டோவில் சீத்தா கேம்புக்குப் போனபோது மூன்றரை மணி வெயில். சைனப் வாசற்படியில் உட்கார்ந்து ஒரு துப்பட்டாவில் மணி கோத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். இப்போது இருபது வயது. நெற்றியும் புருவமும் மெஹராஜுடையவை.

"அரே பெரிம்மா! போன்கூடப் பண்ணாம வந்திருக்கீங்க? வாப்பா நைட் ட்யூட்டி முடிச்சுட்டு உள்ள தூங்குறாங்க. இங்கனயே உக்காருங்க. சாயா போடட்டா?"

"ஒண்ணும் வேண்டாம். ஒனக்கு ஒரு விஷயம் சொல்லணும். முழுசாச் சொல்லி முடிக்கிற வரைக்கும் எந்திச்சிராத."

சொன்னாள். கஞ்சியிலிருந்து ஆரம்பித்து, கொண்டியை, பத்தடியை, குரலை, எதையும் விடாமல் சொன்னாள். சைனப் ஊசியைத் துணியில் குத்தியபடியே வைத்துக்கொண்டு கேட்டாள். வைவாள், அடிப்பாள், இனிமேல் படியேறாதே என்பாள் என்றெல்லாம் நேசபாய் நினைத்து வந்திருந்தாள். அவள் நினைத்துப் பார்க்காதது ஒன்றுதான் நடந்தது.

"நான் வந்து தொறக்கிறதுக்கா கொண்டிய மாட்டச் சொன்னாங்க?"

ஆமாம் என்று நேசபாய் தலையசைத்தாள்.

"அன்னிக்கு நான் லேட்டு பெரிம்மா. கிளாஸ்ல ஒருத்திக்கு பர்த்டே. ஸ்கூல் கேட்ல நின்னு சமோசா தின்னுட்டு இருந்தோம்."

"ஏட்டி, அதுக்கும் இதுக்கும்..." நேசபாய் அவள் கையைப் பிடிக்கப் போனாள். சைனப் கையை இழுத்துக்கொண்டாள். கோபமாக இழுத்ததாகத் தெரியவில்லை. எதிரே ஒரு பெண் பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் சுமந்துகொண்டு போனாள். ஏழு வருஷம் தான் சுமந்ததை இறக்கிவைக்க இந்தப் பிள்ளையின் மடியைத் தேடி வந்துவிட்டோமே என்று நேசபாய்க்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து போய்விடலாம் என்று பையை எடுத்தாள்.

"எப்படிக் கூப்பிட்டாங்க?" என்றாள் சைனப்.

"சொன்னேம்லா."

"சொன்னீங்க. நான் கேட்கலையே. எங்ககிட்ட உம்மா குரலே இல்ல பெரிம்மா. போன் எல்லாம் எரிஞ்சுபோச்சு. மாமா வீட்ல ரெண்டு போட்டோ இருந்துச்சு, கிடைச்சுது. குரல் ஞாபகத்துல வரமாட்டேங்குது. நெஜமா வரமாட்டேங்குது. அவங்க கூப்பிட்ட மாதிரியே ஒரு தடவ கூப்பிடுங்க."

"வேண்டாம்ட்டி."

"கூப்பிடுங்க."

நேசபாய் பையை மடியில் வைத்துக்கொண்டாள். ஏழு வருஷமாக ஒவ்வொரு நாளும் காதுக்குள் கேட்ட குரல், தேட வேண்டியிருக்கவில்லை. வாயைத் திறந்ததும் தன்னுடையதல்லாத ஒரு மெல்லிய, முனையில் லேசாக இழுபடும் குரல் வந்தது.

"நேசக்கா... ஏ நேசக்கா..."

சைனப் கண்ணை மூடிக்கொண்டாள்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. வாசல் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு ஷேக் பரீத் வந்தார். மேல்சட்டை இல்லை. தலைமுடி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. படியில் உட்கார்ந்திருந்த இருவரையும் அவர் பார்க்கவில்லை. அவர்களுக்கு நடுவே இறங்கி, கொதிக்கிற சிமென்ட்டில் வெறுங்காலோடு நின்று, சந்தின் அந்தக் கோடியைப் பார்த்தார். பிறகு இந்தக் கோடியைப் பார்த்தார்.