மத்தியானத்து ராத்திரி

வெளியே போத்தனூர் வெயில் மண்டையைப் பிளந்தது. மாடி அறைக்குள் மட்டும் நடுநிசி.

ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்திருந்தான் பிராங்க். பிளைவுட் பலகை மேல் அவன் கட்டிய பொம்மை ரயில்பாதை: மதுக்கரை, குட்டிச் சுரங்கம், வாளையாறு காடு. கடுகளவு பல்புகளில் சிக்னல்கள். இன்ஜின் நெற்றியில் ஹெட்லைட். அதன் கீழே கேமரா. அது பார்ப்பதெல்லாம் அக்கா ஷைலாவின் செல்போனில் தெரியும்.

"ஏனுங்க பைலட் மேடம், வண்டி எடுக்கலாமுங்களா?"

"வாயை மூடிட்டு சிக்னலைப் போடுறா."

ஷைலா நிஜ ரயில் ஓட்டுகிற லோகோ பைலட். சரக்கு வண்டி. போன மாதம் ஓர் இரவு, வாளையாறு காட்டில் தண்டவாளத்தின் மேல் யானை. பார்த்தாள், கை மரத்துப் போனது. பக்கத்திலிருந்த உதவியாளர் எட்டி பிரேக்கைப் போட்டதால் யானை பிழைத்தது. அன்றிலிருந்து லீவு. நாளை இரவு மறுபடி அதே பாதையில் டூட்டி. வருகிறாளா இல்லையா என்று இன்று மாலைக்குள் ஆபீசுக்குச் சொல்லியாக வேண்டும்.

சிக்னல் பச்சை. அவள் கையிலிருந்த கன்ட்ரோலரைத் திருகினாள். செல்போனில் தண்டவாளம் இருட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தது. சுரங்கம் கடந்தது.

"மெதுவாக்கா, வளைவு வருது."

"தெரியுது. யானை பொம்மை எங்காச்சும் ஒளிச்சு வெச்சிருக்கியா?"

"சத்தியமா இல்லீங்க. கடையில வெலையைக் கேட்டுப்போட்டு அப்படியே திரும்பிட்டேன்."

வளைவு திரும்பியது. திரை முழுக்க ஒரு கரிய உருவம். இரண்டு கண்கள் மின்னின.

இன்ஜின் நின்றது.

ஷைலாவின் கட்டைவிரல் கன்ட்ரோலரின் சிவப்பு பிரேக் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது. எப்போது அங்கே போனது என்று அவளுக்கே தெரியாது.

பிராங்க் டியூப்லைட்டைப் போட்டான். தண்டவாளத்தின் குறுக்கே ஒரு பல்லி. ஹெட்லைட்டுக்கு வந்த பூச்சியைத் தேடி அது வந்திருக்கிறது. இன்ஜினுக்கும் அதற்கும் ஒரு விரல் இடைவெளி. பூச்சியை விழுங்கிவிட்டு, சாவகாசமாகக் காட்டுக்குள் நுழைந்தது.

"நீ விட்டதா?"

"நாஞ் சொன்னா அது கேக்குமாக்கா?"

ஷைலா தன் கட்டைவிரலையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"லைட்டை அணை, கண்ணு."

"இன்னுமா?"

"வண்டி நடுக்காட்டுல நிக்குதல்ல. ஸ்டேசன் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டாமா?"

பொம்மை ரயில், பாதையின் கடைசி பிளாட்பாரத்தில் நின்றதும், ஜன்னல் துணியை அவளே விலக்கினாள். வெயில் உள்ளே பாய்ந்தது. செல்போனை எடுத்தாள்.

"சார், ஷைலா பேசறேனுங்க. நாளைக்கு ராத்திரி வண்டிக்கு வாரேனுங்க."