மேற்குச் சுவரோரம் ஒரு தவலை

தவலை சுற்றிச் சுற்றி வருகிறது, கொல்லையில் இடுப்பளவு தண்ணீர், கொட்டகை சரிந்து கிடக்கிறது, கீற்றும் விறகும் யார் வீட்டுச் செருப்போ ஒன்றும் சேர்ந்து மிதக்க, நடுவில் அது மட்டும் ஊருக்குப் புதிதாய் வந்த ஆள் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முகத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு வருகிறது, துவைக்கிற கல்லில் ஒரு முட்டு, முருங்கை மரத்தில் ஒரு முட்டு, கடைசியில் மேற்குச் சுவரில் டங்கென்று மோதி நிற்கிறது, அந்த ஓசை எட்டு வருஷம் கழித்தும் சிகாமணியின் காதில் அப்படியே இருக்கிறது, ஆனால் தவலை சரிந்த கொட்டகைக்குள்ளிருந்து வந்ததா, இடிந்த மதில் வழியாகத் தெருவிலிருந்து வந்ததா என்பது மட்டும் எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை, ஒரு நாள் நினைத்தால் தெருவிலிருந்து வருகிறது, இன்னொரு நாள் நினைத்தால் கொட்டகையிலிருந்து வருகிறது, இன்றைக்கோ இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வருகிறது. வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று அவர் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார்.

சர்க்கரை ஆலையில் முப்பத்திரண்டு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர் தெய்வசிகாமணி, இருட்டில் கையை விட்டு வேண்டிய வாஷரை எடுத்துக் கொடுப்பார் என்று அங்கே பேர், ஆனால் சொந்த வீட்டுக் கொட்டகைக்குள் அதுவரை கால் வைத்தவரில்லை, கொட்டகை அவருடைய அம்மாவின் ராஜ்ஜியமாக இருந்தது, பிறகு மனைவியுடையதானது, ஓய்வு பெற்ற ஆறாம் மாதம் கெடிலம் ஆற்றில் வெள்ளம் வந்து எல்லாவற்றையும் கலக்கிவிட்டுப் போனதும்தான் மனிதருக்கு மறுபடியும் ஒரு ஸ்டோர் கிடைத்தது. கிழக்குச் சுவரில் பச்சைப் பெயின்டில் நம்முடையது என்று எழுதினார், வெள்ளம் கொண்டுவந்ததற்கு மேற்குச் சுவரில் சிவப்பில் வந்தது என்று எழுதினார், இரும்புச் சட்டம் அடித்து மூன்று தட்டு வைத்தார், குழாய்கள் நீள வாரியாக, பூந்தொட்டிகள் ஒன்றுக்குள் ஒன்றாக, நீல டிரம்கள் கவிழ்த்து, ஏணி இரண்டு கொக்கியில், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், சுவரில் தண்ணீர் நின்ற உயரத்துக்குப் பழுப்பாய் ஒரு கோடு இருக்கிறதே, வருஷா வருஷம் ஐப்பசி பிறப்பதற்குள் எல்லாச் சாமானும் அந்தக் கோட்டுக்கு மேலே ஏறிவிட வேண்டும், இது சட்டம். சட்டம் போட்டவருக்கே இப்போது குழப்பம், ஏனென்றால் எட்டு வருஷத்தில் சாமான்கள் கிழக்கும் மேற்கும் நடந்துவிட்டன, அவசரத்துக்கு எடுத்த வாளி எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது, நம்பர்கள் உரிந்துபோயின, மேற்கில் சாய்ந்திருக்கும் மண்வெட்டியைக் கையில் எடுத்தால் அப்பாவோடு வாழைக்கன்று நட்டது துல்லியமாக நினைவு வருகிறது, பிடியில் அப்பாவின் வியர்வைப் பிசுபிசுப்புகூடத் தெரிகிறது, அப்பா இறந்து இருபது வருஷம், மண்வெட்டி வந்ததோ வெள்ளத்தில், அப்படியானால் அவர் யாருடைய அப்பாவோடு வாழை நட்டார். அதைக் கிழக்கே வைத்தார், மனசு கேட்காமல் மறுபடி மேற்கே வைத்தார்.

இந்த வருஷம் மேற்குப் பக்கத்தையே ஒழித்துவிடுவது என்று முடிவு. எட்டு வருஷம் காத்தது போதும், மரம் பிளாஸ்டிக்கெல்லாம் பழைய சாமான்காரருக்கு, பித்தளைத் தவலை மட்டும் பச்சையம்மன் கோயிலுக்கு, ஏனென்றால் அதன் கழுத்தில் புள்ளிபுள்ளியாக வெட்டியிருந்த பேர் மு. பச்சையம்மாள். பச்சையம்மன் சிகாமணியின் குலதெய்வம், அம்மன் பேர் போட்ட பாத்திரம் அம்மனுக்கே போய்ச் சேரட்டும் என்று அவருக்குத் தோன்றியபோது, தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டார். தண்ணீர் வடிந்த அந்த வாரத்தில் பேர் வெட்டிய பாத்திரம் முப்பதுக்கு மேல் இந்தக் கொல்லையில் கிடைத்தது, குடம், அண்டா, குத்துவிளக்கு, எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்து, தெருவையே கூப்பிட்டு, பேரைப் படித்து, அடையாளம் கேட்டு, சரியாகச் சொன்னவர்களிடம் மட்டும் ஒப்படைத்தார், இல்லாவிட்டால் கண்டவர் கண்டதைத் தூக்கிப் போவார்கள், அந்த வாரம் முழுக்கத் தெருவில் அவர்தான் பெரிய மனுஷர். அப்போதுதான் சுகுணா, சேற்றுக் கையோடு பின்னால் நின்றவள், அந்தத் தவலையைக் காட்டி, ஏங்க இது நம்மளதுங்க என்றாள். சிகாமணிக்குச் சங்கடமாகிவிட்டது, ஊருக்கு நியாயம் சொல்கிற இடத்தில் பெண்டாட்டியே கை நீட்டினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள், இந்தா, பேரைப் பாத்துட்டுப் பேசு, மு. பச்சையம்மாள்னு போட்டிருக்கு, உன் பேரா அது, என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கேட்டார், சிலர் சிரித்தார்கள், அவள் தவலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு, இல்ல, என்றாள், உள்ளே போய்விட்டாள். அதோடு முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார்.

அதற்குப் பிறகு அவர் தேடாத இடமில்லை, பச்சையம்மாள் என்று ஒருத்தி இந்தத் தெருவில் உண்டா, பின் தெருவில் உண்டா, பாலத்துக்கு அந்தப் பக்கம் குடிசை இழந்தவர்களில் உண்டா என்று சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் விசாரித்தார், மூன்று பச்சையம்மாள்கள் அகப்பட்டார்கள், ஒருத்தருக்கும் இனிஷியல் பொருந்தவில்லை. ஆனால் அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்லும்போதெல்லாம் ஒரு வாசல் கண்ணில் வருகிறது, சாணம் தெளித்து ஈரம் காயாத வாசல், நிலைப்படியைப் பிடித்தபடி வெள்ளை வேட்டியில் ஒருவர் உள்பக்கம் திரும்பி, பச்சையம்மா, பச்சையம்மா என்று கூப்பிடுகிறார், அடுக்களை இருட்டிலிருந்து கொலுசுச் சத்தம் வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது, ஆள் வெளிச்சத்துக்கு வருவதற்குள் கலைந்துவிடுகிறது, இது எந்தத் தெருவில் விசாரிக்கப் போனபோது பார்த்தது, வெள்ளத்துக்குப் பிறகு பத்து நாள் ஜுரத்தில் கிடந்தாரே அப்போது கண்ட கனவா, தெரியவில்லை, கனவென்றால் அந்த வேட்டிக்காரர் ஏன் அவரைப் பார்த்து அவ்வளவு பணிவாகச் சிரிக்க வேண்டும். வருஷா வருஷம் பொங்கலுக்குச் சுகுணா வீட்டுப் பாத்திரங்களோடு இந்தத் தவலையையும் இறக்கிப் புளி போட்டுத் தேய்ப்பாள், அடுத்தவங்க பாத்திரத்துக்கு எதுக்கு இவ்வளவு புளி என்று அவர் கேட்பார், கெடக்கட்டுங்க, என்பாள், தேய்த்து முடித்து அவளே கொண்டுபோய் மேற்குத் தட்டில் வைப்பாள், அது ஏனென்று அவர் கேட்டதில்லை.

பத்து மணிக்கு ஏகாம்பரம் வந்தார், கோயில் காரியம் பார்க்கிறவர், மொபெட்டின் பின்னால் கட்ட ஒரு கயிறும் கொண்டு வந்திருந்தார், தவலையைத் தூக்கிப் பார்த்து, நல்ல கனம்ணே, ஆடிக்குக் கூழ் ஊத்தப் பெரிய பாத்திரம் இல்லாமத் தவிச்சுட்டோம், என்றார், பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கழுத்தைச் சுற்றிப் படித்தார், அட, அம்மன் பேரேதான், உபயம்னு இவங்க பேர்லயே ஒரு அர்ச்சனை பண்ணிடலாம், யாருண்ணே இவங்க, உசுரோட இருக்காங்களா. அதாம்பா தெரியல, எட்டு வருஷமாத் தேடறேன், என்று சிகாமணி சொல்லி வாய் மூடவில்லை, துவைக்கிற கல்லுப் பக்கமிருந்து, இருக்காங்க, என்று குரல் வந்தது. சுகுணா போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை. ஏகாம்பரம் சந்தோஷமாகத் திரும்பி, உங்களுக்குத் தெரியுமா அண்ணி, எந்தத் தெரு, என்றார். இதே தெருதான், என்றாள் அவள், போர்வையின் மறு முனையைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

இதே தெரு என்றால் யார், மாவுமில் வீடா, டெய்லர் வீடா என்று சிகாமணி வீடு வீடாக எண்ணிக்கொண்டு வருகிறார், எண்ணும்போதே வாசல் வந்துவிட்டது, ஈர வாசல், வேட்டிக்காரர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பச்சையம்மா, மாப்ள வீட்டுக்காரங்க வந்திருக்காங்க, தண்ணி கொண்டாம்மா, என்கிறார், மாப்பிள்ளை சிகாமணிதான், பெஞ்சின் ஓரத்தில் முழுக்கைச் சட்டையில் வேர்த்துக்கொண்டிருக்கிறார், வேட்டிக்காரர் முத்தையன், அவருடைய மாமனார், கொலுசுச் சத்தம் இந்தத் தடவை கலையவில்லை, வெளிச்சத்துக்கு வந்தது, சொம்போடு குனிந்து நின்றது, சுகுணா. அப்போது அவள் சுகுணா இல்லை. கல்யாணத்தன்று சாயங்காலம் அம்மா சொல்கிறாள், குலதெய்வத்துப் பேர வச்சிகிட்டு இவள எப்படிடா ஏவறது, கோவத்துல ஒரு வார்த்தை திட்ட முடியுமா, நாக்கு அழுகிடாதா, எதிர் வீட்டுக் கம்பவுண்டர் மகள் பேர் சுகுணா, அது அம்மாவுக்குப் பிடித்திருந்தது, அதையே வைத்தாள், மாலை வாடாமல் நிற்கிற பெண்ணைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, நல்லாத்தான் இருக்கு, நாகரிகமா இருக்கு, என்று சொன்னது வேறு யாருமில்லை, இவர்தான். மாமனார் பேர் வெட்டிக் கொடுத்த சீர்த் தவலையும் அதே வாரம் கொட்டகைக்குப் போயிருக்க வேண்டும், சாமி பேர் போட்ட பாத்திரத்தில் புழங்குவதா என்று அம்மா சொன்னாளோ என்னவோ, அது நினைவில்லை, நல்லாத்தான் இருக்கு என்றது மட்டும் நினைவிருக்கிறது. ரேஷன் கார்டில் சுகுணா, வாக்காளர் அட்டையில் சுகுணா, எல்லாம் அவரே எழுதிக் கொடுத்தது. சிகாமணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

கட்டட்டுமாண்ணே, என்றார் ஏகாம்பரம் கயிற்றைப் பிரித்துக்கொண்டு. இல்ல ஏகாம்பரம், சொந்தக்காரங்க வந்துட்டாங்க, என்றார் சிகாமணி, ஏகாம்பரம் கொல்லை முழுக்கப் பார்த்தார், மதிலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார், ஒருவரையும் காணாமல், வெயில்ல ரொம்ப நேரம் நிக்காதீங்கண்ணே, என்று சொல்லிவிட்டுப் போனார். மொபெட் சத்தம் தெருமுனை தாண்டியது. சொல்லியிருக்கலாமில்ல, என்றார் அவர். சொன்னேனே, நம்மளதுன்னு சொன்னேன், உன் பேரான்னு தெருவ வச்சிக் கேட்டீங்க, இப்ப அது என் பேரு இல்லைதானே, அதுக்கு மேல சொன்னா அடையாளம் கேப்பீங்க, என்றாள் அவள், கோபமாகக்கூட இல்லை, குழம்பில் உப்புப் போட்டேன் என்கிற மாதிரி சொன்னாள், போர்வையை உதறிக்கொண்டு கொடிப் பக்கம் போனாள்.

அவர் தவலையை இடுப்பில் தாங்கிக்கொண்டு நடுக்கொல்லையில் நின்றார், கிழக்கே நம்முடையது, மேற்கே வந்தது, எந்தச் சுவரிலும் இதற்கு இடமிருப்பதாகத் தெரியவில்லை, எங்கே வைக்கட்டும் என்று அவளையே கேட்கலாம், கேட்பதற்குக் கூப்பிட வேண்டும், முப்பத்தொன்பது வருஷமாக இந்தா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார், சுகுணா என்றுகூட விருந்தாளிகளிடம் சொன்னதோடு சரி, இப்போது இந்தா என்று சொல்ல வாய் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, பச்சையம்மா, என்றார், குரல் எழும்பவில்லை, இன்னொரு தரம் கொஞ்சம் உரக்க, பச்சையம்மா, என்று கூப்பிட்டார். அவள் போர்வையைக் கொடியில் போட்டுக்கொண்டே, யார் வந்திருக்கிறார்கள் என்று தெருக்கதவைத் திரும்பிப் பார்த்தாள்.