கொக்குகள் வென்ற சனிக்கிழமை

மைதானத்துப் பார்வையாளர் படியில் மூன்றாம் வரிசையில், நடுத்தூணுக்கு இடப்பக்கம், எனக்கென்று ஓர் இடம் இருக்கிறது. யாரும் எழுதித் தரவில்லை. மூன்று வருஷமாக அங்கேயே இருந்து இருந்து அது என்னுடையதாகிவிட்டது. அன்றைக்கும் அலுமினிய வாங்கில் போர்வையை மடித்துப் போட்டு, இஞ்சித் தேநீர் பிளாஸ்கைக் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். நவம்பர் மாதத்து ஒரு மணி வெயில் பார்ப்பதற்கு மட்டும்தான். பக்கத்து இடம் மதாம் லூசியுடையது. எங்கள் அணியில் பந்தை உதைக்கிற பெடியனின் தாய். என் மனைவி கிறேஸ் பொரித்துத் தந்துவிடும் றோல்ஸில் இரண்டை நான் அவருக்குக் கொடுப்பேன், அவர் எனக்குக் கை சூடாக்கும் பை ஒன்று தருவார். இருபத்தெட்டு வருஷம் துறைமுகத்தில் கொன்ரெயினர் லொறி ஓட்டியும் என் பிரெஞ்சு தேறவில்லை. ஆனால் இருவரும் ஆட்டம் முழுக்கக் கதைத்துக்கொண்டுதான் இருப்போம்.

இந்த நாட்டில் ஃபுட்போல் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையால் தூக்கிக்கொண்டு ஓடுவது. முதல் வருஷம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இப்போது என்னைக் கேட்டால் நடுவருக்கே பாடம் எடுப்பேன். என் மகன் ஜெனாட் அதில் நடுவில் நிற்பவன். குனிந்து, இரண்டு காலுக்கு இடையால் பந்தைப் பின்னுக்குக் கொடுத்துவிட்டு, எதிரில் வருகிற மலை போன்றவனைத் தன் உடம்பால் மறிப்பது அவன் வேலை. எல்லா ஆட்டமும் அவன் கையிலிருந்துதான் தொடங்கும். ஒலிபெருக்கியில் அவன் பெயர் வராது. பந்து கை நழுவினால் மட்டும் வரும். அப்படி ஒரு வேலையை ஏன் கேட்டு வாங்கினான் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அணியின் சட்டையில் நீளக் கழுத்துள்ள ஒரு நாரை இருக்கிறது. வீட்டில் நான் அவர்களைக் கொக்குகள் என்றுதான் சொல்வேன். அன்பாகத்தான். முதல் இரண்டு வருஷத்தில் கொக்குகள் வென்றது மொத்தம் மூன்று ஆட்டம். மழையிலும் சேற்றிலும் அந்தத் தோல்விகள் எல்லாவற்றையும் நான் முழுசாகப் பார்த்தேன். என்னைப் போல ஒரு விசிறி இந்த அணிக்குக் கிடையாது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டும் திரிந்தேன். அந்த நினைப்புக்கு நல்ல அடி விழுந்தது இந்த வருஷம்தான்.

சித்திரை மாதம் என் மகள் றொஷினிக்குக் கலியாணம் பேசி முடித்தோம். மாப்பிள்ளை தனோஜன், ரொறன்ரோக்காரர். கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கமுன் கலியாணத்தை வைக்கவேண்டும், அதற்குப் பிறகு நத்தார் முடியும்வரை கோயிலில் கலியாணம் வைப்பது எங்கள் ஆட்களுக்குச் சரிவராது. மண்டபமும் சுவாமியாரும் ஒன்றாகக் கிடைத்த ஒரே நாள் நவம்பரின் மூன்றாம் சனிக்கிழமை. ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டு வரவேற்பறையில், இரண்டு குடும்பமும் பலகாரத் தட்டைச் சுற்றி இருக்கும்போது அந்த நாளைச் சொன்னேன். குசினி வாசலில் நின்ற ஜெனாட், அன்றைக்குத்தான் அரையிறுதி ஆட்டம் என்றான். நான் சிரித்துவிட்டேன்.

“உங்கட கொக்குகள் அந்த நேரம் வீட்டில போர்த்து மூடிக்கொண்டு படுத்திருக்குமடா” என்றேன்.

சம்பந்தி சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். ஜெனாட்டும் சிரித்தான். அவன்தான் தோழன். எங்களில் மாப்பிள்ளைக்குத் தோழனாக நிற்பது பெண்ணின் சகோதரன். வேறு யாரும் நிற்கக் கூடாது என்றில்லை. ஆனால் இருக்கிற ஒரே தம்பி பந்து விளையாடப் போய்விட்டான் என்றால் மண்டபத்தில் முந்நூறு பேருக்கு விளக்கம் சொல்லி மாளாது. அதைவிட, றொஷினிக்கு அவன்தான் வேண்டும்.

ஆனால் இந்த வருஷம் கொக்குகள் ஒன்பது ஆட்டத்தில் நான்கை வென்று, தட்டுத்தடுமாறிக் கடைசி ஆளாகக் காலிறுதிக்குள் வந்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் அந்தக் காலிறுதி, வென்றால் அடுத்த சனிக்கிழமை, கலியாணத்தன்றே, அரையிறுதி. எதிரே கியூபெக் நகரப் பக்கத்திலிருந்து வந்த சிவப்புச் சட்டைக்காரர்கள். ஒரு ஆட்டம்கூடத் தோற்காதவர்கள். எங்கள் பெடியள் பழைய மஞ்சள் பள்ளிக்கூட பஸ்ஸில் வருவார்கள், அவர்களோ சுற்றுலா பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நான் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வீட்டை விட்டு வெளிக்கிடும்போது கிறேஸ் றோல்ஸ் பெட்டியை என் கையில் தந்துவிட்டு, “நீங்கள் அவங்கள் தோப்பாங்கள் எண்டு நம்பித்தானே நாள் வைச்சனீங்கள். அதை அவனிட்ட ஒருக்காச் சொல்லுங்கோவன்” என்றாள். அவள் குத்திக் கதைக்கவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

நிம்மதி இடைவேளை வரைகூட நிலைக்கவில்லை. சிவப்புக்காரர் பதினான்கு புள்ளி எடுத்தார்கள், பிறகு இன்னொரு மூன்று, அதோடு நின்றுவிட்டார்கள். எங்கள் பெடியள் ஒவ்வொரு அடியாக, பிடிவாதமாக முன்னுக்கு வந்தார்கள். ஜெனாட்டுக்கு எதிரில் நின்றவன் அவனைவிட ஒரு தலை உயரம். ஒவ்வொரு முறையும் இவன் கீழே விழுந்தான், ஒவ்வொரு முறையும் எழும்பி, பந்திடம் போய்க் குனிந்தான். மூன்றாம் கால் பகுதியில் என்னையறியாமல் கத்தினேன், பிறகு கலியாணம் ஞாபகம் வந்து வாயை மூடினேன். மதாம் லூசி உடம்புக்குச் சரியில்லையா என்று கேட்டார். கழுத்தைத் தொட்டு, தொண்டை நோகிறது என்று காட்டினேன்.

கடைசியில் பதினேழுக்குப் பதினைந்து. இரண்டு புள்ளியால் பின்தங்கியிருந்தோம், நேரம் பதினொரு விநாடி. கம்பங்களுக்கு நடுவால் உதைத்தால் மூன்று புள்ளி. மதாம் லூசியின் மகன் உதைக்கவேண்டும், அதற்கு என் மகன் பந்தைத் தன் காலிடையால் நீளமாகப் பின்னுக்கு எறியவேண்டும். சனம் முழுக்க எழும்பி நின்றது. மதாம் லூசி தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்.

நான் எழும்பவில்லை. மூன்று வருஷத்தில் முதல்முறையாக. முன்னால் நின்றவர்களின் முதுகுகள் மட்டும்தான் தெரிந்தன. அந்த எறி ஒரு முழம் தவறினால் எல்லாம் தீர்ந்துவிடும், யாரிடமும் எதுவும் கேட்கத் தேவையில்லை என்று மனதுக்குள் ஒரு நினைப்பு ஓடியது. பெற்ற பிள்ளையின் கை நழுவவேண்டும் என்று நினைத்தேன். ஒரு கணம்தான். ஆனால் நினைத்தேன்.

பிறகு உதைக்கிற சத்தம், ஒரு அமைதி, அதன்பின் முன்னால் இருந்த முதுகுகள் எல்லாம் ஒன்றாகக் குதித்தன. மதாம் லூசி தொப்பியை எறிந்துவிட்டு என்னைக் கட்டிப் பிடித்து அழுதார். நானும் அழுதேன். சந்தோஷம்தான். அதோடு வேறொன்றும் கலந்திருந்தது.

சனம் கலைந்த பிறகு கம்பி வேலிக்குக் கிட்டப் போனேன். ஜெனாட் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி, தலையில் ஆவி பறக்க வந்தான். முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

“உங்களைக் காணேல்லை அப்பா. அந்த கிக்குக்கு முதல் பாத்தனான்.”

“இஞ்சதான் நிண்டனான்” என்றேன்.

அவன் தலையாட்டினான். சம்பந்தியோடு கதைத்துப் பார்க்கிறேன், கலியாணப் பூசையைக் காலமைக்கு மாற்றலாம், தோழனாக வேறு யாரையாவது நிறுத்தலாம் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவன் கையைக் காட்டி என்னை நிறுத்தினான். ஆங்கிலத்தில் தொடங்கி, இரண்டு சொல்லோடு விட்டுவிட்டுத் தமிழுக்கு வந்தான்.

“நான் கோச்சிட்ட செப்டெம்பரிலேயே சொல்லிப்போட்டன், அரையிறுதிக்கு நான் இல்லை, அக்காவின்ர கலியாணம் எண்டு. எனக்குப் பதிலா நிக்கிற பெடியனையும் பழக்கியாச்சு.”

ஐப்பசி முழுக்க அவன் வீட்டுக்கு ஒரு மணித்தியாலம் பிந்தி வந்ததற்கு நான் ஏசியது ஞாபகம் வந்தது. செப்டெம்பரில் கொக்குகள் முதல் இரண்டு ஆட்டத்தையும் தோற்றிருந்தார்கள்.

“கோச் சிரிச்சவரோ?” என்று கேட்டேன்.

“இல்லை. எழுதி வைச்சவர்.”

கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில், அப்படியென்றால் இன்றைக்கு ஏன் இப்படி அடிபட்டு விளையாடினாய் என்று கேட்டேன். அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். மைதானத்தின் நடுவில் பெடியள் அந்த உதைத்தவனைத் தூக்கிச் சுமந்துகொண்டிருந்தார்கள்.

“மற்றவங்களுக்கு அடுத்த சனிக்கிழமை கலியாணம் இல்லைத்தானே அப்பா.”

அவர்கள் அவனைக் கூப்பிட்டார்கள், எல்லாரும் பீட்சா சாப்பிடப் போகிறார்களாம். தலைக்கவசத்தை வேலிக்கு மேலால் என்னிடம் நீட்டி, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னான். திங்கட்கிழமை கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுக்கவேண்டுமாம். மற்றச் சாமான்களைத் தானே கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு, நொண்டியபடி ஓடினான்.

காருக்குள் ஏறியதும் கிறேஸ் அழைத்தாள். என்ன நடந்தது என்று கேட்டாள். வென்றுவிட்டார்கள் என்றேன். மிச்சத்தை வீட்டுக்கு வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். தலைக்கவசம் நினைத்ததைவிடப் பாரம். பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டுக் காரைக் கிளப்பினேன். பத்தடி போவதற்குள் கார் கீக் கீக் என்று கத்தத் தொடங்கியது. பக்கத்தில் யாரோ பட்டி போடாமல் இருக்கிறார்கள் என்று அதற்கு நினைப்பு. பின் இருக்கையில் தூக்கிப் போட்டிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. ஓரமாக நிறுத்தி, இருக்கைப் பட்டியை இழுத்து, அதன் முகக் கம்பிகளுக்கு மேலால் கொண்டுவந்து பூட்டினேன். சத்தம் நின்றது. உள்ளே இன்னும் ஈரமாக இருந்த அந்தத் தலைக்கவசம், நெற்றியில் ஒட்டிய புல்லோடு, என்னோடு சேர்ந்து வீதியைப் பார்த்துக்கொண்டு வந்தது.