மான்கள் எண்ணும் வருடம்

செந்தேரிச் சரணாலயத்தில் ஒரு வருடம் மனிதர்கள் மான்களை எண்ணுவார்கள். மறு வருடம் மான்கள் மனிதர்களை எண்ணும். இரண்டு கணக்கும் தலைமை அலுவலகத்துக்குப் போகும். இரண்டுக்கும் ஒரே மதிப்புதான்.

மனிதர்கள் எண்ணுகிற வருடம் வேலை அதிகம். சிவப்பு மணல்மேடுகளுக்கு நடுவே நேர்கோடாக நடந்து, உடைமரத்தடியில் மேயும் வெளிமான்களைக் கிடா, பெட்டை, குட்டி என்று பிரித்து எண்ண வேண்டும். காற்று எதிரிலிருந்து அடிக்க வேண்டும். எண்ணிய மானையே மறுபடி எண்ணிவிடக் கூடாது. மானே கண்ணில் படாத இடத்தில் புழுக்கையைப் பார்த்து உத்தேசமாகச் சொல்ல வேண்டும். மான்கள் எண்ணுகிற வருடம் இந்தச் சிரமமெல்லாம் இல்லை. மனிதர்கள் அலுவலக முற்றத்தில் ஆளுக்கொரு பக்கமாகத் தலையைக் குனிந்து நின்றால் போதும். மந்தையின் மூத்த பெட்டை எதிர்மேட்டில் வந்து நிற்கும். ஒவ்வொரு ஆளையும் பார்த்து முன்னங்காலால் ஒரு தட்டு தட்டும்.

சந்தனமாரி அங்கே வனக்காவலர். அவள் கணவன் அணைஞ்சபெருமாளும் அங்கேதான் காவலுக்கு இருந்தான். ஒரு சித்திரை மாதம், மேற்குத் தொட்டியில் தண்ணீர் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனான். தொட்டியில் தண்ணீர் கிடந்தது. அவன் வரவில்லை. ஜீப்பில் தேடினார்கள், நடந்தும் தேடினார்கள். அன்றைக்கு அடித்த காற்றில் மணல் சுவடு எதையும் மிச்சம் வைக்கவில்லை.

அதன் பிறகு முற்றத்தில் நிற்க மூன்று பேர்தான் இருந்தார்கள். ரேஞ்சர் கிறிஸ்துராஜ், ஜீப் ஓட்டிக்கொண்டு சமையலும் பார்க்கிற லூர்து, சந்தனமாரி. ஆனால் அடுத்து மான்கள் எண்ணிய இரண்டு வருடமும் மூத்த பெட்டை நான்கு முறை தட்டியது. தலைமை அலுவலகம் நான்கு என்றே ஏற்றுக்கொண்டது. நான்கு பேருக்கு அரிசி வந்தது. நான்கு பேருக்குக் காக்கித் துணி வந்தது. அணைஞ்சபெருமாள் பங்குக்கு வந்த சட்டையைச் சந்தனமாரி வாரம் ஒருமுறை துவைத்துக் காயப்போட்டு மடித்து வைப்பாள். உடுத்தாத சட்டைக்கும் மணல் ஏறத்தான் செய்தது.

அவன் கணக்கில் இருந்தான், கண்ணில் இல்லை. செத்துப்போனான் என்று யாராவது சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று தெரிந்திருந்தால் கோபப்பட்டாவது இருப்பாள். இரண்டுக்கும் வழியில்லை. சாயங்காலமானால் வாசலில் நின்று மேற்கே பார்ப்பாள். பிறகு உள்ளே போய்ச் சோறு வடிப்பாள்.

ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசை. நாலாவது தட்டு தட்டும்போது மான் எந்தப் பக்கம் பார்க்கிறது? அது தெரிந்தால் அந்தத் திசையில் நடக்கலாம். ஆனால் எண்ணப்படுகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. எண்ணுகிற ஆளைப் பார்த்ததும் மான் ஓடுகிற மாதிரி, எண்ணப்படுகிற ஆள் பார்த்ததும் மந்தை ஓடிவிடும். ஓடிவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது. அப்புறம் ரேஞ்சரே ஆளை எண்ணி அனுப்ப வேண்டும். ரேஞ்சர் எண்ணினால் மூன்றுதான் வரும். மூன்று வந்துவிட்டால் அணைஞ்சபெருமாள் எங்குமே இல்லாதவன் ஆகிவிடுவான்.

இதற்குப் பயந்து இரண்டு தடவையும் அவள் குனிந்த தலை நிமிரவில்லை.

இந்தத் தடவை கணக்கெடுப்புக்கு முந்தின நாள் ரேஞ்சர் அவளைக் கூப்பிட்டார்.

"சந்தனமாரி, நாளைக்கு எங்கன நிக்கப்போற?"

"முற்றத்துத் தொட்டிப் பக்கம்தான்யா."

"நிமிர்ந்து கிமிர்ந்து பாத்துராதம்மா."

"நான் எப்பய்யா பாத்திருக்கேன்?"

"பாக்கல. ஆனா உன் பின்கழுத்தப் பாத்தாலே தெரியுது, பாக்கணும்னு உனக்கு நினைப்பிருக்குன்னு."

அவர் சொன்னது சரிதான். அதைவிட, இவ்வளவு நாளாகத் தன் கழுத்து அதைச் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறதே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் ஒரு தூக்குச்சட்டியில் சோற்றைக் கட்டி, தண்ணீர்ப் புட்டியையும் எடுத்துத் தொட்டியின் நிழலில் வைத்துக்கொண்டாள். திசை தெரிந்ததும் அப்படியே கிளம்பிவிடுவது என்று தீர்மானம். ரேஞ்சர் கொடிக்கம்பத்தருகே நின்றார். லூர்து ஜீப்பை ஒட்டி நின்றான். மூவரும் குனிந்துகொண்டார்கள். காற்று மந்தையின் பக்கமிருந்து வந்தது. முதலில் மான்களின் வாடைதான் வந்தது. பிறகு எதிர்மேட்டில் மணல் சரிகிற சத்தம் கேட்டது.

முதல் தட்டு விழுந்தது. ரேஞ்சர் லேசாக அசைந்து கொடுத்தார். இரண்டாவது விழுந்ததும் லூர்து மூச்சுவிட்டான். மூன்றாவது தன்னுடையது என்று சந்தனமாரிக்குத் தோளில் தெரிந்தது.

அதன் பிறகு சத்தம் இல்லை. அவள் குனிந்து, தொட்டிக் கசிவில் முளைத்திருந்த ஒரு புல்லைக் கிள்ளி வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தாள். மேய்கிற மான் இடையிடையே தலையைத் தூக்கும். வாயில் புல் இருக்கிறவரை மற்ற மான்கள் அதைச் சந்தேகிக்காது. அவள் மென்றுகொண்டே, அவசரமில்லாமல் தலையைத் தூக்கினாள்.

அந்த நேரம் நாலாவது தட்டு விழுந்தது.

மூத்த பெட்டை அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. தனக்குப் பின்னால் யாராவது இருக்கலாம் என்று அவள் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். தொட்டி இருந்தது. அதற்கப்பால் ஆளற்ற மணல்வெளி. மறுபடி மேட்டைப் பார்த்தாள். மான் பார்வையை மாற்றவே இல்லை. எண்ணி முடித்த திருப்தியோடு காதை ஒரு முறை ஆட்டியது. மந்தை ஓடவில்லை, நடந்தே போயிற்று.

"நாலு," என்றார் ரேஞ்சர், முதுகை நிமிர்த்தியபடி. பிறகு அவள் வாயில் புல்லைக் கண்டார். "நாலாவது எந்தப் பக்கம் பாத்துச்சு?"

"என்னையத்தான்யா."

"மூணாவது?"

"அதுவும் என்னையத்தான் இருக்கும். உங்க ரெண்டு பேரையும் விட்டா வேற ஆள் இல்லையே."

லூர்து கேட்டான், "ஒரே ஆளை ரெண்டு தடவ எண்ணிருச்சா சார்?"

"அதுக அப்படி எண்ணாது," என்றார் ரேஞ்சர். "நாமதான் போன வருசம் கொம்பு முறிஞ்ச கிடாவை ரெண்டு தடவ எண்ணுனோம். அதுக தப்பு பண்ணி நான் பாத்ததே இல்ல."

சந்தனமாரி தொட்டி நிழலில் உட்கார்ந்தாள். தூக்குச்சட்டி மடியில் கனத்தது. கிழக்கோ தெற்கோ, எவ்வளவு தூரமானாலும் நடக்கத் தயாராக வந்திருந்தாள். இப்போது போவதற்கு ஒரு திசைகூட இல்லாமல் போயிற்று. அவன் அவள் இருக்கிற இடத்திலேயே இருக்கிறான். அங்கே எப்படிப் போய்ச் சேருவது என்று அவளுக்குத் தெரியவில்லை. நெடுநேரம் அந்தப் புல்லை மென்றுகொண்டே இருந்தாள்.

ரேஞ்சர் உள்ளே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தார்.

"மேற்குத் தொட்டியைப் பாத்து வர ஒரு ஆள் வேணும். இங்க வாசலுக்கும் ஒரு ஆள் வேணும். நீங்க ரெண்டு பேரு இருக்கீங்க. அணைஞ்சபெருமாள் மேக்க போகட்டும். நீ வாசல்ல இரு."

"சரிய்யா."

அவள் எழுந்து வீட்டுக்குப் போய், மடித்து வைத்திருந்த காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு மேற்கே நடந்தாள். வாசலிலும் அவளே நின்றாள். நின்றவள், போகிறவளின் முதுகு உடைமரங்களுக்குள் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டை தோளில் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. பிடித்துத் தைத்திருக்கலாம் என்று நினைத்தாள்.

"யாரு மதினி போறது?" என்று கேட்டான் லூர்து.

"நான்தான். அவுக வேலைக்கு."

அவன் தலையாட்டிவிட்டு ஜீப்பைக் கழுவப் போனான்.

பகல் முழுக்க மேல்காற்று வீசியது. வாசலில் இருந்தவள் கூட்டினாள், கூட்டின இடத்திலேயே மணல் வந்து விழுந்தது. வெயில் தாழ்ந்தது. மேற்கே போய்வர இவ்வளவு நேரம் ஆகாது. முன்பும் இப்படித்தான் நேரமாயிற்று என்ற நினைப்பு வந்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வாசலுக்கு வெளியே வந்து நின்றாள். தன்னை வெளியே கொண்டுவந்தது பயமா ஆசையா என்று பிரித்துச் சொல்ல அவளால் முடியவில்லை.

மேட்டின் மேல் ஓர் ஆள் தெரிந்தது. காக்கிச் சட்டை தோளில் சரியாகப் பொருந்தியிருந்தது. கையை வீசாமல், முன்னால் சாய்ந்து, மணலை வம்புக்கு இழுக்கிற மாதிரி நடக்கிற நடை. அணைஞ்சபெருமாள்தான். முகம் கறுத்திருந்தது. தாடியில் சிவப்பு மணல்.

அவள் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவன் அண்ணாந்து குடித்தான்.

"தொட்டியில தண்ணி கிடக்கா?" என்று கேட்டாள்.

"கிடக்கு."

"சாப்பிட்டியளா?"

"சட்டிச் சோத்தைப் பாதி சாப்பிட்டேன். மீதி இங்கயிருந்து வந்தவகிட்ட இருக்கு."

அவள் அவனுக்குப் பின்னால் பார்த்தாள். மணல்வெளியில் யாரும் இல்லை. "அவ வரலையா?"

"வாறா. வழியில ஒரு மந்தை நிக்கு. எண்ணிட்டு வாறேன்னா."

சந்தனமாரி அடுப்பில் உலையை ஏற்றினாள். மூன்று தட்டு எடுத்துக் கழுவி வைத்தாள். பிறகு இருவரும் வாசலில் வந்து நின்று மேற்கே பார்த்தார்கள்.