ஹார்ட் டிஸ்க்கில் ஓர் எல்லைக்கோடு

"பாதின்னா பாதிதான், கூமே. ஒரு நூல்கூட அந்தப் பக்கம் நகரக் கூடாது."

"நாப்பது ஜி.பி., மிலுதின். இருபது உனக்கு, இருபது அவளுக்கு. எலுமிச்சம்பழமா என்ன, நறுக்கும்போது சாறு ஒழுகறதுக்கு?"

"எனக்கு முதல் பாதி வேணும்."

"ஏன்?"

"முதல்ல இருக்கிறதுதான் வேகமா ஓடுமாம். ஆபீஸ்ல சொன்னாங்க."

"அவனுக்கே குடுத்துடுங்க, கூமே," என்றாள் ஒல்கிட்சா, நடைவழியின் மறுகோடியிலிருந்து. "வேகமா ஓடி எங்க போகப்போறான்? லிஃப்ட் வரைக்கும். அதுவும் ரிப்பேர்."

கவ்ரா இருவரையும் பார்க்காமல் கணினித் திரையைப் பார்த்தான். பதினெட்டு வருடங்களுக்கு முன் பான்செவோ நகரின் பெரிய தேவாலயத்தில், இவர்கள் இருவருக்கும் நடுவில் மெழுகுவர்த்தி பிடித்து நின்ற சாட்சி அவன்தான். அவர்களுக்கு அவன் கூம்; அவனுக்கு அவள் கூமா. கூம் என்றால் கூடப் பிறந்தவனுக்கும் ஒரு படி மேல். அவன் எதையும் மறுக்க முடியாது. அவனுக்கும் எதையும் மறுக்க முடியாது. சேர்த்து வைத்தவனே பிரித்துக் கொடுக்கட்டும் என்பதில் மட்டும் இந்த வருடம் கணவனும் மனைவியும் ஒரே கருத்தில் இருந்தார்கள். அதாவது, முன்னாள் கணவனும் முன்னாள் மனைவியும்.

விவாகரத்து வசந்தத்திலேயே முடிந்துவிட்டது. வீட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை. ஆறாவது மாடி, ஓடாத லிஃப்ட், கூரை முழுக்கப் புறா, யார் வாங்குவார்கள்? ஆகவே சமையலறைத் தரையில் மஞ்சள் நாடா ஒட்டினார்கள். அடுப்பும் ஓவனும் அவளுக்கு. அவன் ஒரு மின்தட்டு வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டான். பெரிய அறை அவனுக்கு, பால்கனியோடு சின்ன அறை அவளுக்கு. கணினி மட்டும் யார் பக்கமும் சேராமல் நடைவழியில், கோட் மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே, குளிரில் உட்கார்ந்திருந்தது.

அதைப் பிரிக்கச் சொன்னது மிலுதின். ஆனால் பிரிவினையை உள்ளுக்குள் அதிகம் விரும்பியது ஒல்கிட்சா. தன் பாதிக்குக் கடவுச்சொல் போட்டுக்கொள்ளலாம். நான்கு வருடமாக அவள் ஒரு நாவல் எழுதிவந்தாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதைப் பதிப்பகத்தில் கொடுக்க வேண்டும். ஒரு முறை தள்ளிப்போட்டாயிற்று. இன்னொரு முறை இல்லை என்று பதிப்பாசிரியர் சொல்லிவிட்டார். அது எதைப் பற்றி என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை, மிலுதினிடம் நிச்சயமாக இல்லை. ஏனென்றால் நாவலின் நாயகன், தன்னைச் சுற்றிய உலகத்தைப் பற்றி நகராட்சிக்கு ஓயாமல் மனு எழுதும் ஒரு மனிதன்.

மிலுதினும் அதே கணினியில்தான் நகராட்சிக்கு மனு எழுதுவான். வாரத்துக்கு இரண்டு. லிஃப்ட், தெருவிளக்கு, புறா, குப்பைத்தொட்டியின் மூடி, புறா.

"நகல் எடுத்து வெச்சாச்சா?" என்று கேட்டான் கவ்ரா.

"எதுல எடுக்கறது? பிளாப்பி போன வருஷமே செத்துப்போச்சு," என்றாள் ஒல்கிட்சா.

"அதைப் பத்தியும் நான் எழுதியிருக்கேன், கம்பெனிக்கு," என்றான் மிலுதின்.

"அப்ப சரி. இது ஒரு மணி நேரம் ஓடும். எல்லாத்தையும் அள்ளி ஒரு பக்கமா ஒதுக்கிட்டு, நடுவுல கோடு போடும். ஓடி முடியற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. கரண்ட் போகக் கூடாது. புரியுதா?"

புரிந்தது என்று இரண்டு தலைகள் ஆடின. திரையில் ஒரு நீலப் பட்டை மெல்ல இடமிருந்து வலமாக நகரத் தொடங்கியது.

வேலை தானாக நடக்கும்போது கூமைச் சும்மா உட்காரவைக்கலாமா? வெறும் வயிற்றோடு கூமை அனுப்பிய வீடு என்று பேர் வாங்கிவிட்டால் பிறகு அந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. முன்பு இது ஒரு வீடாக இருந்தது. ஒரு விருந்து போதும். இப்போது இரண்டு. ஒல்கிட்சா காலையிலேயே பாலாடைக்கட்டியும் முட்டையும் வைத்து மடித்திருந்த கிபானிட்சாவை ஓவனுக்குள் தள்ளினாள். நாடாவுக்கு அந்தப் பக்கம் மிலுதின், பிளம் பழச் சாராயமான ராக்கியாவில் சர்க்கரையைக் கருக்கி ஊற்றி, மின்தட்டில் வைத்தான். பெரிய அறையில் ஹீட்டர் காலையிலிருந்தே சிவந்து கொண்டிருந்தது.

அந்த வீட்டில் ஓவனும் ஹீட்டரும் சேர்ந்து ஓடக் கூடாது, ஃப்யூஸ் தாங்காது என்பது பதினெட்டு வருடச் சட்டம். அதற்கு ஒரு வழியும் இருந்தது. ஓவனைப் போடுமுன் ஒல்கிட்சா, "போடறேன்!" என்று கத்துவாள். உள்ளேயிருந்து மிலுதின், "அணைச்சிட்டேன்!" என்று கத்துவான். அதன் பிறகுதான் பொத்தானில் கை. சமையலின் ஒரு பகுதியாகவே அது ஆகிவிட்டிருந்தது, உப்புப் போடுவதைப் போல.

ஆனால் ஏப்ரலிலிருந்து இருவரும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. ஓவனும் அவ்வளவு நாள் தேவைப்படவில்லை. ஒற்றை ஆளுக்கு யார் கிபானிட்சா சுடுவார்கள்?

நீலப் பட்டை பாதியைத் தாண்டியிருந்தபோது நடைவழியில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. டப். விளக்கு, ஹீட்டர், திரை எல்லாம் ஒன்றாக அணைந்தன. குளிர்பதனப் பெட்டியும் தன் முனகலை நிறுத்திக்கொண்டது.

"நீ ஏன் சொல்லல?" என்றான் மிலுதின்.

"நீ ஏன் கேக்கல?" என்றாள் ஒல்கிட்சா.

ஏழு மாதங்களில் அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் அவை. கவ்ரா ஃப்யூஸை மாற்றினான். கணினி கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், தனக்குள் எதுவும் இல்லை என்று அறிவித்தது. ஒல்கிட்சா கொக்கியில் தொங்கிய கோட் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது மிலுதினுடைய கோட் என்பதைச் சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தாள்.

"எழுத்து போகாது, கூமா," என்றான் கவ்ரா. "வேலிதான் போச்சு. உள்ள இருக்கறது இருக்கும். நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பார்க்கறேன்."

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கம்பளிக் காலுறைக்குள் போட்டு மார்போடு வைத்துக்கொண்டான். இரண்டு விருந்தையும் முடித்த பிறகுதான் அவனைக் கிளம்ப விட்டார்கள். பாதி வெந்த கிபானிட்சாவை அவன் முகம் சுளிக்காமல் சாப்பிட்டான்.

ஞாயிறு மதியம் திரும்பி வந்தான். எல்லாம் மீண்டிருந்தது. ஆனால் கோப்புகளின் பெயர்களும் தேதிகளும் போய்விட்டிருந்தன. ஒன்று முதல் அறுநூற்றுப் பதினொன்று வரை எண்கள்தான். அவள் நாவலும் அவன் மனுக்களும் ஒரே குவியலில். நாவல் முழுக்க நாயகனின் மனுக்கள்தான்; ஒவ்வொன்றையும் அவள் தனித்தனிக் கோப்பில் எழுதியிருந்தாள்.

"நீயே பிரிச்சுக்குவ," என்றான் கவ்ரா. "நீ எழுதினது உனக்குத் தெரியாதா?"

தெரியும் என்றுதான் அவளும் நினைத்தாள். நிஜத் தெருப்பெயர் இருந்தவை அவனுடையவை, நாயகனின் பெயர் இருந்தவை தன்னுடையவை என்று சட்டென்று பிரித்தாள். மாலை நான்கு மணிக்கு எண்பத்துமூன்று மிச்சம். நூற்று நாற்பத்தேழாம் எண்ணைத் திறந்தாள்.

'மதிப்பிற்குரிய ஐயா, புறாக்கள் மறுபடி வந்துவிட்டன. அவை உங்களைப் பற்றி விசாரித்தன. நீங்கள் உயிரோடு இருப்பதாகச் சொல்லிவைத்தேன், தவறென்றால் மன்னிக்கவும்.'

தான் எழுதியதிலேயே இதுதான் நல்ல வரி என்று ஒல்கிட்சா இரண்டு வருடமாக நம்பியிருந்தாள். இப்போது அதை இன்னொரு முறை படித்தாள். இதை அவளே எழுதினாளா, அல்லது என்றோ மிலுதின் திரையில் திறந்துவிட்டுப் போன மனுவைப் படித்துச் சிரித்தாளா? அவன் குரலில் எழுதப் பழகிப் பழகி, அவன் குரலே அவளுக்குக் கை வந்துவிட்டிருந்தது. நாளை பத்து மணிக்கு இதைத் தன் பெயரில் கொடுப்பதா? விட்டுவிட்டால் நாவலில் என்ன மிஞ்சும்?

இதைப் பிரித்துச் சொல்லக்கூடியவன் உலகத்தில் ஒரே ஒருவன். அவன் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும்.

பெரிய அறையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மிலுதின் கையால் எதையோ எழுதிக்கொண்டிருந்தான், அநேகமாக ஃப்யூஸைப் பற்றி. ஒல்கிட்சா கணினிக்கு முன்னால் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். கவ்ரா காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்றான். அவள் வாசற்படியில் வந்து நின்றாள். பேனா நின்றது.

"மிலுதின்," என்றாள். "எண்பத்துமூணு இருக்கு. எது உன்னோடது, எது என்னோடதுன்னு... கொஞ்சம் வந்து படிச்சுப் பார்த்துச் சொல்லேன்."