அஞ்சுக்கு அஞ்சு

சலவைக்கூடத்தில் துவைத்த விரிப்பை இரண்டு பேர் சேர்ந்துதான் இஸ்திரி போடும் உருளைக்குக் கொடுக்க வேண்டும். ஒரு மூலையை ஒல்லி பிடிப்பாள், மறு மூலையைப் பெரியக்கா. ஒன்றாக உதறி, ஒன்றாக இழுத்து, சூடான உருளையின் வாயில் நேராக வைக்க வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் முந்தினாலும் துணி கோணிக்கொள்ளும். கோணியதைத் திரும்ப நனைக்க வேண்டும். வருஷக்கணக்காக எதிரெதிரே நின்றதில் வாய் எங்கே போனாலும் இருவருடைய கைகளும் தானாகச் சேர்ந்துகொண்டன.

"கட்டில்ல படுக்கிறாளா உன் மக?" என்றாள் பெரியக்கா.

"எங்கே படுக்கிறா? ஏறிக் குதிக்கிறா. தூக்கம் வந்தா பழையபடி என் மேலதான்."

"அப்போ அந்தக் கட்டிலை எனக்குக் கொடுத்துடு. என் வீட்டுக்காரரை அதுல போட்டுட்டு நான் நிம்மதியா தரையில படுக்கிறேன்."

ஒல்லி சிரித்தாள். ஆவியில் அவள் முகம் சிவந்திருந்தது. அந்தக் கட்டிலை அவள் போன மாதம்தான் வாங்கினாள். போன மாதம் அவளுடைய முறை.

முறை என்பது உருளைக்கூடத்துப் பெண்கள் எட்டுப் பேரும் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. எட்டுப் பேருடைய ஓவர்டைமையும் மாதம் ஒருத்தி கார்டில் ஏற்றிவிடுவார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் கரைந்துபோகும் பணம், ஒருத்திக்கு மொத்தமாக வந்தால் ஒரு பொருளாக நிற்கும். பெரியக்காவின் அடுப்பும், வாசல் பக்கம் நிற்பவளின் தையல் மெஷினும் அப்படித்தான் வந்தன. எட்டுக் கார்டு எழுதுவதற்குப் பதில் ஒரு கார்டு எழுதினால் போதும் என்பதால் சூப்பர்வைசரும் கண்டுகொள்ளவில்லை. சுற்று திரும்பி வந்து, இந்த மாதம் மறுபடி பெரியக்காவின் முறை. பாதி மாதம் ஏற்கெனவே ஏறியிருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மெஷினை நிறுத்தினார்கள். கூடத்தின் மூலையில் பெஞ்சுகள் போட்ட இடத்தில், சுவரில் டி.வி. இருந்தது. கணக்கண்ணனின் நிகழ்ச்சி இசை தொடங்கியதும் எல்லோரும் சாப்பாட்டு டப்பாவோடு திரும்பி உட்கார்ந்தார்கள். அந்த மனிதருக்குக் கணக்கண்ணன் என்று பெயர் வைத்ததே இவர்கள்தான். வட்டிக் கடைக்காரன் எங்கே ஏமாற்றுகிறான், போன் கம்பெனி எதற்குக் கூடுதலாகப் பிடிக்கிறது, யாரிடம் எப்படிக் கேட்டால் திருப்பித் தருவார்கள் என்று அவர் ஒரு பலகையில் எழுதி எழுதிச் சொல்வார். அவர் சொன்னபடி கேட்டுப் பெரியக்காவுக்கு ஒரு தொகை திரும்பக் கிடைத்திருந்தது. அன்றிலிருந்து அவரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைவாகச் சொன்னால் அவள் சண்டைக்குப் போவாள்.

"லீவு நாள்ல என் மக இந்தப் பாட்டு வந்தா போதும், எங்கே இருந்தாலும் ஓடி வந்து கை தட்டுவா," என்றாள் ஒல்லி. "தட்டி முடிச்சாத்தான் சாப்பாடு இறங்கும்."

"பிழைக்கத் தெரிஞ்சவ," என்றாள் பெரியக்கா.

அப்போதுதான் கையில் பலகை போன்ற ஒரு கருவியோடு ஓர் இளம்பெண் வந்தாள். சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாள். டி.வி.க்காகக் கருத்துக் கேட்கிறார்களாம். பெயர் வேண்டாமாம்.

"இவரை நீங்க எவ்வளவு நம்புறீங்க? ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க."

"அஞ்சுக்கு மேல இல்லையா?" என்றாள் பெரியக்கா. "என் வீட்டுக்காரருக்கு ரெண்டு போட்டுக்கோ. மிச்சம் இருக்கிற மூணையும் இவருக்கே சேர்த்துடு."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஐந்தைத் தொட்டாள். ஒல்லியும் ஐந்து என்றாள்.

"குடும்ப உதவித்தொகையில இந்த மாசத்துலேருந்து புது மாற்றம் வந்திருக்கு. அதுக்கு எவ்வளவு?"

"அது நம்ம அண்ணன் போராடி வாங்கினதுதானே?" என்றாள் பெரியக்கா, டி.வி.யைக் காட்டி.

"ஆமாக்கா. முன்னாடி வருஷக் கடைசியில மொத்த வருமானத்தையும் பார்த்து, கூடக் கொடுத்துட்டோம், திருப்பிக் கட்டுன்னு கேப்பாங்க. இனி மாசா மாசம் பார்த்துடுவாங்க. யாரும் கடனாளி ஆக மாட்டாங்க."

"நல்லதுதானே. அதுக்கும் அஞ்சு போட்டுக்கோம்மா," என்றாள் ஒல்லி.

சாயங்காலம் காப்பகத்து வாசலில் மற்ற நாட்களைவிடக் கூட்டம் குறைவாக இருந்தது. பிள்ளைகளின் பைகளை மாட்டும் கொக்கிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு படம். அவள் மகளுடையது வாத்து. வாத்துக் கொக்கியில் பை இல்லை. பார்த்துக்கொள்ளும் அம்மாள் பையைக் கையிலேயே வைத்திருந்தார். மாற்று உடுப்பு, போர்வை, பல் பதிந்த பிளாஸ்டிக் டம்ளர் எல்லாம் அதற்குள் திணிக்கப்பட்டிருந்தன.

"என்னம்மா, இன்னிக்கு எல்லாத்தையும் கட்டிக் கொடுத்துட்டீங்க?"

அந்த அம்மாள் கதவை விட்டுச் சற்று வெளியே வந்தார். "உனக்கு இன்னும் தெரியாதா? குடும்ப உதவி நின்னுபோச்சும்மா. அதுலேருந்துதானே உன் பிள்ளைக்கு இங்கே கட்டுறாங்க. நாளையிலேருந்து சேர்த்துக்க வேண்டாம்னு மேல சொல்லிட்டாங்க."

"எனக்கா? வேற யாருக்காவது இருக்கும். நல்லாப் பாருங்கம்மா."

"பார்த்துட்டேன். போன மாசம் உன் வருமானம் எல்லையைத் தாண்டிடுச்சாம். புதுச் சட்டத்துல ஒரு மாசம் தாண்டினாலும் நிறுத்திடறாங்க. திரும்ப எழுதிக் கொடுத்து, வரிசையில நின்னு, அப்புறம் இடம் இருந்தாத்தான்."

"அது என் சம்பளம் இல்லம்மா."

சொன்ன உடனே ஒல்லி வாயை மூடிக்கொண்டாள்.

"உன் சம்பளம் இல்லாம? யாருது?"

எட்டுப் பேருடையது என்று சொல்லலாம். கார்டில் எழுதியது பொய் என்று சொல்லலாம். சொன்னால் பெரியக்காவின் அடுப்பு, அந்தத் தையல் மெஷின், சூப்பர்வைசரின் கையெழுத்து என்று ஒவ்வொன்றாகத் தோண்டுவார்கள். எட்டுப் பேரும் ஏமாற்றினார்கள் என்றாகிவிடும். ஒல்லி பையை வாங்கித் தோளில் மாட்டினாள். அதன் கனம் அவளைக் கொஞ்சம் சாய்த்தது.

"வேறென்னம்மா செய்றது," என்றார் அந்த அம்மாள். "உனக்கு மட்டும் இல்ல. இன்னிக்கே மூணு பிள்ளைங்களுக்குப் பை கட்டியிருக்கேன்."

மகள் வாத்தைத் தொட்டு, "நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பிள்ளையை விட இடமில்லை. லீவு எடுத்தால் அந்த இடத்துக்கு ஆள் காத்திருக்கிறது. மறுநாள் காலை ஒல்லி மகளைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தாள். துவைத்த துணி வரும் தள்ளுவண்டிகளில் கிழிந்த விரிப்புகளைப் போட்டுவைக்கும் வண்டி ஒன்று உண்டு. அதை யாரும் தொடமாட்டார்கள். மகளை அதற்குள் உட்கார வைத்து, போர்வையை விரித்து, ரொட்டியைக் கையில் கொடுத்தாள்.

"இது உன் வீடு. அம்மா கூப்பிடற வரைக்கும் சத்தம் போடாம இருக்கணும். என்ன?"

மகள் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். ஒல்லி மேலே ஒரு விரிப்பைத் தளர்வாகப் போட்டாள்.

கூடத்துக்குள் பிள்ளைகளைக் கொண்டுவரக் கூடாது. சூடு, ஆவி, மருந்துத் தண்ணீர். போன வருஷம் காய்ச்சல்காரப் பிள்ளையைக் கூட்டி வந்தவளை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

முதல் விரிப்பே கோணியது. இரண்டாவதும்.

"என்னடி உனக்கு இன்னிக்கு?" என்றாள் பெரியக்கா.

ஒல்லி சொன்னாள். உருளையின் இரைச்சலில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பெரியக்கா மூலையைப் பிடித்தபடியே நின்றாள். துணி இழுபட்டு அவள் கையைவிட்டுப் போனது. அவளுக்கும் ஒரு கடைக்குட்டி இருந்தான். அவனுடைய பள்ளிச் சாப்பாடு, பஸ் எல்லாம் அந்த உதவியில்தான்.

"இந்த மாசம் என் கார்டு," என்றாள்.

"ஆமாக்கா."

"பாதிக்கு மேல ஏறிடுச்சேடி."

"அதான்கா."

"இல்ல, இருக்காது. அண்ணன் அப்படிச் செய்ய மாட்டாரு. அவருக்கு நம்ம முறை தெரியாதுல்ல? தெரிஞ்சா கேட்டிருப்பாரு." பெரியக்காவின் குரல் உயர்ந்துகொண்டே போனது. "யார்கிட்டயாவது சொல்லணும். அந்தப் பொண்ணு, நேத்து வந்துச்சே, வாசல்ல நிக்குதுடி. நான் வரும்போது பார்த்தேன். அடுத்த ஷிப்ட்டுக்காரங்களைக் கேட்டுக்கிட்டு இருக்கு."

ஒல்லி கழிவறைக்கென்று சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினாள். அந்த இளம்பெண் கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து நான் சொன்னதை மாத்தணும்மா."

"எதைக்கா?"

"அந்த அஞ்சை. ரெண்டாவது அஞ்சை. எனக்குத் தெரியாம சொல்லிட்டேன். என் பிள்ளையை வெளியே அனுப்பிட்டாங்க."

இளம்பெண்ணின் முகம் மாறியது. கருவியை எடுத்துத் திறந்து, எதையோ நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். "பேரு இல்லாமத்தானேக்கா வாங்கினோம். எது உங்களோட அஞ்சுன்னு எனக்கே தெரியாது. எல்லாம் அஞ்சாத்தான் இருக்கு."

"அப்போ புதுசா ஒண்ணு போடேன்."

"நேத்தே அனுப்பியாச்சுக்கா. இன்னிக்கு மத்தியானம் டி.வி.ல வரப்போகுது." கொஞ்சம் தயங்கி, "எனக்கு ஒரு படிவத்துக்கு இவ்வளவுன்னுதான் கூலி. மத்தது ஒண்ணும் என் கையில இல்ல," என்றாள்.

மத்தியானம் எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். செய்தி அதற்குள் எட்டுப் பேருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் டப்பாவைத் திறக்கவில்லை. தையல் மெஷின்காரி விரல்களை மடக்கி, தன் அடுத்த முறை எந்த மாதம் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். கிழிசல் வண்டியை ஒல்லி பெஞ்சுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தாள். விரிப்பின் மேடு மூச்சோடு ஏறி இறங்கியது. பிள்ளை தூங்கிவிட்டது.

சூப்பர்வைசர் டம்ளரோடு வந்தார். "என்ன, எழவு வீடு மாதிரி இருக்கீங்க? உங்க அண்ணன் வர்ற நேரமாச்சு." அவரே போய் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினார்.

திரையில் கணக்கண்ணன் பலகையின் முன் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பத்துப் பேரில் ஒன்பது பேர் புது மாற்றம் நல்லது என்று சொல்லியிருப்பதாகவும், உழைக்கிற தாய்மார்களே அதிகம் ஆதரித்திருப்பதாகவும் சொன்னார். அவர் குரல் தழுதழுத்தது. இது என் வெற்றி இல்லை, உங்கள் வெற்றி என்றார்.

"பார்த்தீங்களா," என்றார் சூப்பர்வைசர். "சொன்னேன்ல, நல்ல மனுஷன்."

பெரியக்கா டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது.

பிறகு நிகழ்ச்சியை முடிக்க அதே இசை எழுந்தது.

ஒல்லி எழுந்திருப்பதற்குள் வண்டிக்குள் விரிப்பு அசைந்தது. கிழிசல் ஒன்றின் வழியாக இரண்டு சின்னக் கைகள் மேலே வந்தன. பிள்ளை சத்தம் போடவில்லை. அம்மா சொன்னபடி வாயைத் திறக்காமல், கைகளை மட்டும் தட்டியது.

சூப்பர்வைசர் திரும்பினார்.

இசை முடியும்வரை கைகள் தட்டிக்கொண்டே இருந்தன.