பேனரின் ஓரத்தில் ஒரு முழங்கை

1

“அந்த பேனரைக் கழட்டுங்க பாஸ்டர்.”

இந்தக் கதை பிறந்தது இந்த வாக்கியத்தில்தான். சொல்லவே கூடாத வாக்கியம். வெளிநாட்டு ஊழியத்துக்குக் கிளம்பும் முன் பயிற்சி வகுப்பில் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். பன்னிரண்டாவது விதி: திரும்பி வந்தபின் படங்களைப் பற்றி எதுவும் கேட்கக் கூடாது. படம் அலுவலகத்தின் வேலை, சாட்சி சொல்வது உங்கள் வேலை. எங்கள் வீட்டில்—

(“எங்கள்” இல்லை. “அவள்”. அவள் நானில்லை. எனக்கும் ஆறு மாத ஊழியம், இஸ்திரி போடும் அப்பா, குடும்பத்தின் முதல் பட்டம் எல்லாம் உண்டு என்பதற்காக நீங்களாக ஒரு முடிவுக்கு வர வேண்டாம்.)

அவள் வீட்டில், ஒரு தாளை முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடக்கூடிய முதல் ஆள் அவள்தான். படிக்காமலே போட்டாள்.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: “விமானத்திலிருந்து இறங்கியபோது அவள் கண்களில் ஒரு புதிய ஒளி—”

அடித்துவிட்டேன். ஒளியெல்லாம் இல்லை. தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது.

நடந்தது இது. மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து, போர்வையை நான்காக மடித்து, கட்டிலோரமாக விறைப்பாக நின்றாள். ஊழிய விடுதியில் வருவதுபோல் சோதனை செய்ய யாரும் வரவில்லை. சாப்பிட்டதும் தட்டோடு மூன்று வாளிகளைத் தேடினாள். அங்கே சோப்புக்கு ஒன்று, அலசலுக்கு ஒன்று, கடைசி அலசலுக்கு ஒன்று என்று வரிசையாக இருக்கும். பேசும் முன் கையைத் தூக்கினாள்.

“கையை இறக்குடி. பரண்ல என்னத்த எடுக்கப்போற?” என்றாள் அம்மா.

“இன்னிக்குப் பாத்திரம் யாரோட முறை?”

அப்பா ஒரு சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டே பதில் சொன்னார். “எங்களுக்குக் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்கம்மா முறைதான்.”

(இங்கே அரைப் பக்கம் திட்டியிருந்தேன். கதை அப்பாவைப் பற்றியதல்ல என்பதால் எடுத்துவிட்டேன். கிழித்துப் போடவில்லை.)

3

சபையின் வாசல் சுவரில் அந்த பேனர். அவள் மடியில் ஒரு மூன்று வயதுப் பெண் குழந்தை. கீழே கொட்டை எழுத்தில் “அனாதைக்கு ஒரு தாய்”. அவள் சிரிக்கிறாள், குழந்தை அழுகிறது. அது ஆனந்தக் கண்ணீர் என்று போதகர் ஒரு பிரசங்கமே செய்திருந்தார்.

குழந்தை அழுதது அதன் அம்மாவிடம் போகவேண்டும் என்று. அந்த அம்மா விடுதியின் சமையல்காரி. அரை அடி தள்ளித்தான் நின்றிருந்தாள். அலுவலகம் அவளைப் படத்திலிருந்து வெட்டிவிட்டது. வெட்டியதும் ஒழுங்காக இல்லை. ஓரத்தில் மாவு ஒட்டிய முழங்கை ஒன்று தனியாக நிற்கிறது.*

* ஊர் திரும்பியவள் முதல் மூன்று நாள் இதைப் பற்றி ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். பேனரில் அவள் முகம் அழகாக விழுந்திருந்தது. அவ்வளவுதான் காரணம்.

4

போதகரை வில்லனாக்கப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவளுடைய கல்லூரி விண்ணப்பத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தவர் அவர். கெட்டவராக இருந்திருந்தால் என் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

தன் அறையில் அவளை உட்காரவைத்து, தட்டச்சு செய்த மூன்று பக்கங்களை நீட்டினார். “ஞாயித்துக்கிழமை இதை அப்படியே வாசிச்சாப் போதும்மா. அழற இடத்துக்குக் கோடு போட்டிருக்கேன்.”

“அந்தக் குழந்தை என்னை அம்மான்னு கூப்பிட்டதா இருக்கு.”

“கூப்பிடலையா?”

“கடிச்சுது.”

அவர் யோசித்தார். “அதை அன்புன்னு எடுத்துக்கலாம்.”

அப்போதுதான் முதல் வரியில் உள்ளதைச் சொன்னாள். “அதோட அம்மா உயிரோட இருக்காங்க பாஸ்டர். நீங்க கழட்டலைன்னா ஞாயித்துக்கிழமை மைக்ல நான் இதைத்தான் சொல்வேன்.”

“அந்த பேனரைப் பாத்துட்டுத்தான் அடுத்த குழுவுக்குப் பதினாலு பேர் வந்திருக்காங்க,” என்றார். பிறகு, நான் எதற்குப் பயந்தேனோ அதைச் செய்தார். கதவைத் திறந்து, ஹாலில் பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டார்.

5

ஹாலைத் துடைப்பது அம்மாவின் வேலை. ஆராதனையில் அவள் உட்காரும் இடம் கடைசியில், செருப்பு ஸ்டாண்டு ஓரம். பேனர் வந்த வாரம்தான் “மிஷனரியோட அம்மா” என்று முன் வரிசைக்கு அழைத்துப்போனார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா கேட்டாள். “அந்தப் புள்ளைக்கு அம்மா இருக்காளா?”

“இருக்காங்கம்மா.”

“தான் செத்துப்போனது அவளுக்குத் தெரியுமா?”

போதகர் இருமினார்.

அம்மா ஈரத் துணியை முறுக்கினாள். “முன் வரிசையில ஃபேன் இருக்கு. இருபது வருஷத்துல இந்த நாலு மாசமாத்தான் எனக்குக் காத்து வருது. அதையும் சொல்லிப்புட்டேன். அப்புறம் உன் இஷ்டம்.”

(“உண்மையைச் சொல்லு மகளே” என்று அம்மா சொல்வதாக ஒரு வரைவு இருந்தது. நீங்கள் கண்ணைத் துடைத்திருப்பீர்கள். அம்மா சொன்னது காற்றைப் பற்றித்தான்.)

6

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

அவள் தாளை வாசிக்கிறாள், கோடு போட்ட இடத்தில் அழுகிறாள், நிஜமாகவே. (நடக்கக்கூடியது. அதுதான் எனக்குப் பயம்.)

புது பேனர் அடிக்கிறார்கள், இந்தமுறை முழங்கையையும் சுத்தமாக வெட்டிவிட்டு.

சமையல்காரியே விமானத்தில் வந்து இறங்கி, எல்லோரும் கட்டிப்பிடித்து— ச்சீ.

எது வேண்டும் என்று அவளிடமே கேட்டேன். “நீ எழுதி முடிக்கிறவரைக்கும் நான் இங்கயே உக்காந்திருக்கணுமா?” என்றாள்.

மூன்று பக்கங்களையும் மேசையில் வைத்தாள். “ஏணி எங்க இருக்கு பாஸ்டர்?”

அவர் அந்தப் பக்கங்களை எடுத்து ஒழுங்காக அடுக்கினார்.

“மேடைக்குப் பின்னாடி,” என்றாள் அம்மா. சொன்னபிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது.

அம்மா பின்னாலேயே போய் ஏணியைப் பிடித்தாளா, போதகர் குறுக்கே வந்து நின்றாரா, ஞாயிற்றுக்கிழமை யார் எங்கே உட்கார்ந்தார்கள், இதெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கும் கை இருக்கிறது. நான் பார்த்தது இவ்வளவுதான்: எழுந்தாள், நாற்காலியை உள்ளே தள்ளினாள், கதவைத் திறந்து வெளியே போனாள்.